செய்த தவறை ஆங்கிலத்தில் ஒப்புக்கொள்ள மாணவர்களுக்கு எந்தத் தொடர்களைக் கற்றுக்கொடுப்பது?

கேள்வி – பாளை மாலை வகுப்பு

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில், கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளுக்கு மாலை நேரங்களில் பேச்சு ஆங்கிலம் கற்றுக்கொடுத்து வருகிறேன். முக்கூடல், மானூர், வீரவநல்லூர், களக்காடு என்று பல ஊர்களிலிருந்தும் பேருந்தில் வந்து போகிறவர்கள். பெரும்பாலோர் தங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். விண்ணப்பம் எழுதுவதற்கும் நேர்காணலில் பேசுவதற்கும் பாடநூல்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் வேலையில் சேர்ந்த சில நாட்களிலேயே தேவைப்படுகிற ஒன்றை அந்த நூல்கள் அரைப் பக்கத்தில் முடித்துவிடுகின்றன. செய்த தவறை மேலாளரிடமும் வாடிக்கையாளரிடமும் ஆங்கிலத்தில் எப்படி ஒப்புக்கொள்வது என்பதைத்தான் சொல்கிறேன்.

என்னிடம் படித்துவிட்டுத் தூத்துக்குடியில் ஒரு சரக்கு முகவர் அலுவலகத்தில் சேர்ந்த பெண் ஒருத்தி அண்மையில் தன் மடல் ஒன்றைக் காட்டினாள். ஏற்றுமதி ஆவணத்தின் வரைவில், நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட கன்டெய்னர் எண்ணில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறிவிட்டன. வாடிக்கையாளர் அதைச் சுட்டிக்காட்டியதும் அவள் எழுதிய மறுமொழி இது: “டியர் சார், ஐ ஆம் வெரி வெரி சாரி. ரியலி சாரி ஃபார் எவ்ரிதிங். கைண்ட்லி எக்ஸ்க்யூஸ் மீ.” அவரிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது. எண்ணைத் திருத்தியாயிற்றா, கப்பல் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லியாயிற்றா என்று மட்டும் கேட்டிருந்தார். அவளுக்கு முகத்தில் அடித்தாற்போல் ஆகிவிட்டது. மனம் நொந்து எழுதியதை அவர் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லையே என்று என்னிடம் வருந்தினாள்.

இன்னொரு மாணவன் இதற்கு நேர்மாறு. “மிஸ்டேக் ஹேப்பன்ட் இன் தி இன்வாய்ஸ்” என்று எழுதுகிறான். யார் செய்தது என்பதே அதில் இல்லை. ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டால், “தப்பு நடந்துபோச்சுன்னுதானே டீச்சர் சொல்வோம்” என்கிறான். அவன் சொல்வதும் உண்மைதான். நம் வீடுகளில் குடம் உடைந்துபோகும், பால் பொங்கி வழிந்துபோகும், சாவி தொலைந்துபோகும். உடைத்தவரும் தொலைத்தவரும் வாக்கியத்துக்குள் வருவது அரிது.

என் ஐயங்கள் இவை. சாரி, அப்பாலஜைஸ், ரெக்ரெட் ஆகிய மூன்றையும் பிள்ளைகள் ஒன்றென்றே நினைக்கிறார்கள். வேறுபாட்டை எப்படி விளக்குவது? திரைப்படங்களில் கேட்டுப் பழகிய “மை பேட்” என்பதை அலுவலகத்தில் சொல்லலாமா? “ஐ டேக் ஃபுல் ரெஸ்பான்ஸிபிலிட்டி” என்று இருபத்திரண்டு வயது எழுத்தர் எழுதினால் அது பொருந்துமா? எல்லாவற்றுக்கும் மேலாக, தவறு என்னுடையது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டால் அது பின்னாளில் அவர்களுக்கே எதிராகத் திரும்புமா? கடைசிக் கேள்வியைப் பெற்றோர்கள் என்னிடம் கவலையோடு கேட்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் வகுப்புக்கு மிகவும் உதவியாக இருக்கும்.

பதில் – கல்லிடை நண்பர்

டீச்சருக்கு வணக்கம். எனக்குச் சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கான மென்பொருள் ஆதரவுப் பணியில் இருக்கிறேன். இப்படிப்பட்ட மடல்களை எழுதுவதும், புதிதாகச் சேர்ந்தவர்கள் எழுதியதைத் திருத்துவதும் என் அன்றாட வேலை.

அந்தப் பெண் சாரி சொன்னதில் பிழை இல்லை. எதற்காகச் சொல்கிறாள் என்பது மடலில் எங்கும் இல்லை, குறை அதுதான். முதல் வாக்கியத்திலேயே ‘நான்’ எழுவாயாகவும், செய்த செயல் வினையாகவும் வந்துவிட வேண்டும் என்று புதியவர்களிடம் நான் சொல்வது வழக்கம். அவள் இப்படி எழுதியிருக்கலாம்: “ஐ என்டர்ட் தி ராங் கன்டெய்னர் நம்பர் இன் தி டிராஃப்ட் வீ சென்ட் திஸ் மார்னிங். தி கரெக்டட் டிராஃப்ட் இஸ் அட்டாச்ட், அண்ட் ஐ ஹேவ் இன்ஃபார்ம்ட் தி ஷிப்பிங் லைன். ஐ அப்பாலஜைஸ் ஃபார் தி எக்ஸ்ட்ரா ஒர்க் திஸ் ஹேஸ் காஸ்ட் யூ.” நான் தவறான எண்ணைப் பதிந்தேன், திருத்திய வரைவு இதோ, கப்பல் நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டேன், உங்களுக்கு வீண்வேலை வைத்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று செய்தி வரிசையாக வந்துவிடுகிறது. வெரியும் ரியலியும் இதில் தேவைப்படவே இல்லை. அந்த வாடிக்கையாளர் கல்நெஞ்சக்காரர் அல்லர். கப்பல் புறப்படும் முன் ஆவணம் சரியாக வேண்டுமே என்ற பதற்றம் அவருக்கு இருந்திருக்கும். அந்தப் பதற்றத்தைத் தணிப்பதுதான் அந்த நேரத்தில் அவருக்குக் காட்டும் மரியாதை.

நம் ஊரில் பிள்ளைகள் வளர்ந்த விதத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பெரியவர்களிடம் தவறு செய்துவிட்டால், மன்னிப்பு என்று வாய்விட்டுச் சொல்வதைக் காட்டிலும், மறுநாள் காலையிலேயே போய் அந்த வேலையைச் செய்து முடித்துவிட்டு, “மனசுல வச்சுக்கிடாதிய அண்ணாச்சி” என்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்பதுதான் வழக்கம். அந்த நிற்றலில் எல்லாம் அடங்கிவிடும். மடலில் முகம் இல்லை, நிற்பதற்கு வாசலும் இல்லை. ஆகவே செய்தது, சரிசெய்தது, வருந்துவது என எல்லாவற்றையும் சொற்களே சுமந்தாக வேண்டியிருக்கிறது.

மூன்று சொற்களின் வேறுபாட்டுக்கு வருகிறேன். சாரி என்பது மிக அகலமான சொல். ஒருவர் வீட்டில் துக்கம் என்றால் “சாரி ஃபார் யுவர் லாஸ்” என்பார்கள். உடல்நலம் இல்லை என்றால் “சாரி டு ஹியர் தட்” என்பார்கள். இவற்றில் தவறை ஏற்றுக்கொள்வது என்ற பேச்சே இல்லை. இதை அறியாத நம் பிள்ளைகள், எதிர்முனையில் இருப்பவர் “ஐ ஆம் சாரி டு ஹியர் தட்” என்றதும் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டதாக எண்ணிக் குறிப்பில் எழுதிவிடுவதை நான் பலமுறை திருத்தியிருக்கிறேன். அப்பாலஜைஸ் என்பது அவ்வளவு அகலமானது அன்று. தான் செய்ததற்கோ, தான் சார்ந்த நிறுவனம் செய்ததற்கோதான் அதைச் சொல்ல முடியும். ரெக்ரெட் என்பது வருத்தத்தைத் தெரிவிக்கும், பழியை ஏற்காது. திருநெல்வேலிச் சந்திப்பில் வண்டி தாமதமாகும்போது ஒலிபெருக்கியில் “தி இன்கன்வீனியன்ஸ் காஸ்ட் இஸ் டீப்லி ரெக்ரெட்டட்” என்று கேட்கிறோம். யார் வருந்துகிறார்கள், எதனால் தாமதம் என்பது அதில் இல்லை. பொது அறிவிப்புக்கு அது போதும். ஓர் ஆள் இன்னோர் ஆளுக்கு எழுதும் மடலில் அதே தொடரை வைத்தால், எழுதியவர் ஒலிபெருக்கிக்குப் பின்னால் மறைந்துகொண்டதாகத்தான் படிப்பவருக்குத் தோன்றும்.

“மை பேட்” என்பது அமெரிக்காவில் தெருவோரக் கூடைப்பந்து ஆட்டக்காரர்களிடையே வழங்கி, 1980-களில் அச்சுக்கு வந்த தொடர். பந்தைத் தவறவிட்டவன் ஆட்டத்தை நிறுத்தாமல் கையைத் தூக்கிச் சொல்லிவிட்டு ஓடுவதற்கானது. உடன் பணிபுரிகிறவரிடம், இணைப்பை அனுப்ப மறந்துவிட்டேன் என்ற அளவுக்கு அதைச் சொல்லலாம். ஒருவருக்குப் பண நட்டமோ வேலை நட்டமோ ஏற்பட்டிருக்கும்போது சொன்னால், அவருடைய இழப்பைச் சிறிதாக்கிவிடும். அதற்குப் பதிலாக “தட் வாஸ் மை மிஸ்டேக்”, “ஐ ஓவர்லுக்ட் இட்”, “ஐ ஷுட் ஹேவ் செக்ட் இட் பிஃபோர் செண்டிங்” ஆகியவற்றைப் பழக்குங்கள். எந்த மேசையிலும் இவை செல்லுபடியாகும்.

பழக்கக் கூடாதது ஒன்று உண்டு. “ஐ அப்பாலஜைஸ் இஃப் எனி இன்கன்வீனியன்ஸ் வாஸ் காஸ்ட்” என்பது நம் நாட்டு அலுவலகங்களில் வேரூன்றிப்போன தொடர். தொல்லை ஏற்பட்டிருந்தால் மன்னிக்கவும் என்று, தொல்லைப்பட்டவரிடமே போய்ச் சொல்வது அது. அந்த இஃப் வந்த இடத்தில் மன்னிப்பு போய்விடுகிறது. மன்னிப்புக்குப் பின்னால் வரும் பட் என்பதும் அப்படியே.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். மென்பொருள் துறையில் பெரிய கோளாறு நேர்ந்தால், அதன் காரணத்தை ஆராய்ந்து எழுதும் அறிக்கையில் வேண்டுமென்றே ஆள்பெயரை விட்டுவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதற்கு “ப்ளேம்லெஸ் போஸ்ட்மார்ட்டம்” என்று பெயர். எந்தக் கட்டளை எத்தனை மணிக்கு இடப்பட்டது, எந்தச் சோதனை இல்லாததால் அது தடுக்கப்படவில்லை, இனி யார் எந்த நாளுக்குள் எதைச் சரிசெய்வார் என்பதெல்லாம் அதில் ஒளிவுமறைவில்லாமல் இருக்கும். ஆளைத் தேடித் தண்டித்தால் அடுத்த முறை உண்மையை யாரும் சொல்லமாட்டார்கள் என்பதால் வந்த ஏற்பாடு இது. உங்கள் மாணவனின் “மிஸ்டேக் ஹேப்பன்ட்” இந்த வகையில் சேராது, ஏனென்றால் அதில் ஆளும் இல்லை, நடந்ததும் இல்லை.

பதில் – ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர், டவுன்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். மாவட்ட நிர்வாகத்தில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் என்ற முறையில், கோப்பு ஆங்கிலத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்த மொழியில் தவறு என்பது யாரும் செய்வதன்று, தானாக நுழைவது. “அன் எர்ரர் ஹேஸ் கிரெப்ட் இன்” என்போம்; “ட்யூ டு ஓவர்சைட்” என்போம்; “தி டிலே மே பி கண்டோன்ட்” என்று முடிப்போம். இவற்றை நான் முழுவதும் பழிக்கமாட்டேன். ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்துக்கு எழுதும்போது பேசுவது பதவிதான், ஆள் அன்று. அங்கே எழுத்தரின் பெயர் வர வேண்டியதில்லை. ஆனால் ஒழுங்கு நடவடிக்கை விதிகளின்படி 17(அ) குறிப்பாணை வந்து, ஒருவரிடம் நேரடியாக விளக்கம் கேட்கப்படும்போது, அதே தொடர்களைக் கொண்டு பதில் எழுதுகிறவர்கள் தமக்கே தீங்கு தேடிக்கொள்கிறார்கள். அப்படிப்பட்ட விளக்கங்களைப் படித்து மேலே அனுப்பும் இடத்தில் நான் இருந்திருக்கிறேன். பதிவேட்டை அன்றைய தினம் நான் சரிபார்க்கவில்லை, காரணம் இது, மறுநாள் சரிசெய்துவிட்டேன், சரிசெய்த பக்கம் இது என்று எழுதியவரின் விளக்கத்தை அலுவலர்கள் நம்பினார்கள். கவனக்குறைவால் நேர்ந்துவிட்டது என்று மட்டும் எழுதியவரிடம் மேலும் மேலும் கேள்வி கேட்டார்கள்.

“ஃபுல் ரெஸ்பான்ஸிபிலிட்டி” பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது தலைமையில் இருப்பவர் சொல்ல வேண்டிய தொடர் என்பது என் உறுதியான கருத்து. 1956 நவம்பரில், நம் பக்கத்துக்கு வந்துகொண்டிருந்த சென்னை – தூத்துக்குடி விரைவு வண்டி அரியலூர் அருகே, வெள்ளத்தில் பாலம் பழுதுபட்டிருந்த இடத்தில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அப்போது ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அந்தப் பாலத்தைக் கட்டியவரும் அவரல்லர், அன்று இரவு வண்டியை ஓட்டியவரும் அவரல்லர். விபத்துக்கு அவர் காரணம் என்பதற்காக அல்லாமல், அரசியல் சட்ட மரபுக்கு முன்மாதிரியாக இருக்கும் என்பதற்காகவே விலகலை ஏற்பதாக நேரு நாடாளுமன்றத்தில் விளக்கினார். 1958-இல், ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனங்களில் முதலீடு செய்யப்பட்ட விவகாரத்தில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி விலகியபோதும் இதே கேள்விதான் எழுந்தது. தம் செயலாளர் செய்ததற்கு அமைச்சர் பொறுப்பாவாரா என்பதற்கு, அரசியல் சட்டப்படி பொறுப்பாவார் என்று அதை விசாரித்த நீதிபதி சாக்ளா விடை சொன்னார். தன் கையால் செய்யாததற்கும் தலைகொடுப்பவர் சொல்லும்போதுதான் “ஃபுல்” என்ற சொல்லுக்கு எடை வருகிறது. எண்ணைத் தவறாகப் பதிந்த எழுத்தர் “தி மிஸ்டேக் வாஸ் மைன்” என்றால் அதுவே முழுமையானது.

பெரிய பதவியில் இருப்பவர்களுக்கும் இந்தத் தடுமாற்றம் உண்டு என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு சான்று தருகிறேன். ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரீகன், 1987 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் பேசும்போது “சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்” என்றார். யாரால் என்பதைச் சொல்லவில்லை. அதே ஆண்டு மார்ச் மாதம் தொலைக்காட்சியில் மக்களிடம் பேசியபோது, தன் செயல்களுக்கும் தன் நிர்வாகத்தின் செயல்களுக்கும் “ஐ டேக் ஃபுல் ரெஸ்பான்ஸிபிலிட்டி” என்று சொன்னார். ஒரே மனிதர், ஒரே விவகாரம். இரண்டு வாக்கியங்களையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் போட்டால், எழுவாய் எங்கே என்று மாணவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மற்றொன்று. ரெஸ்பான்ஸிபிள், அக்கவுன்டபிள், லயபிள் ஆகிய மூன்றையும் கலந்து எழுதுகிறார்கள். வேலையைச் செய்ய வேண்டியவர் முதலாமவர்; அது நடக்காவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் இரண்டாமவர்; சட்டப்படி ஈடுசெய்ய வேண்டியவர் மூன்றாமவர். ஒரே ஆள் மூன்றாகவும் இருக்கலாம், மூன்று ஆட்களாகவும் இருக்கலாம். இளம் பணியாளர்கள் மூன்றாவது சொல்லைத் தங்களைப் பற்றி எழுதவே வேண்டாம்.

பதில் – வடக்கன்குளம் செவிலி

அக்காவுக்கு வணக்கம். நான் இப்போது இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறேன். எங்கள் பணியில் இந்தத் தொடர்கள் நாகரிகத்துக்காகச் சொல்லப்படுபவை அல்ல, சட்டமே கேட்பவை. அதனால் சிறிது விரிவாக எழுதுகிறேன்.

இங்கே “ட்யூட்டி ஆஃப் கேண்டர்” என்று ஒரு கடமை இருக்கிறது. ஸ்டாஃபோர்டு மருத்துவமனையில் நோயாளிகள் பட்ட துன்பங்களை விசாரித்து ராபர்ட் ஃபிரான்சிஸ் 2013-இல் அளித்த அறிக்கைக்குப் பிறகு, 2014 நவம்பரில் அரசு மருத்துவ அமைப்புகளுக்கும், 2015 ஏப்ரலில் பிற மருத்துவ நிறுவனங்களுக்கும் இது சட்டக் கடமையானது. சிகிச்சையில் எதிர்பாராத தீங்கு குறிப்பிட்ட அளவுக்கு மேல் நேர்ந்துவிட்டால், முடிந்த அளவு விரைவில் நோயாளியிடமோ குடும்பத்தாரிடமோ நேரில் சொல்ல வேண்டும். தெரிந்த உண்மைகள் அனைத்தையும் சொல்ல வேண்டும். இனி என்ன விசாரணை நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டும். மன்னிப்புக் கேட்க வேண்டும். பிறகு அதையெல்லாம் எழுத்திலும் கொடுக்க வேண்டும். சாரி சொல்வது சட்டப்படி பழியை ஏற்பதாகாது என்று எங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லித் தருகிறார்கள். அதனால் அச்சமின்றிச் சொல்ல முடிகிறது.

இங்கே வந்த புதிதில் நம் பக்கத்துப் பெண்கள் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். நோயாளி வலியால் துடிக்கும்போது “ஐ ஆம் சாரி யூ ஆர் இன் பெயின்” என்று சொல்ல எளிதாகப் பழகிவிடுவார்கள். மருந்தின் அளவு மாறிப்போனால் “ஐ கேவ் யூ தி ராங் டோஸ், அண்ட் ஐ ஆம் சாரி” என்ற வாக்கியம் தொண்டையிலேயே நின்றுவிடும். “ராங் டோஸ் வாஸ் கிவன்” என்று வரும். பக்கத்தில் நிற்கும் மூத்த செவிலி உடனே திருத்துவார். கட்டிலில் கிடக்கிறவருக்கு அந்த ‘ஐ’ கேட்க வேண்டும். கேட்ட பிறகுதான் அடுத்த மாத்திரையை அதே கையிலிருந்து அவர் வாங்குவார். மேலும், “ஐ ஆம் சாரி யூ ஃபீல் தட் வே” என்பதை ஒருபோதும் சொல்லாதே என்பார்கள். நடந்தது தவறு என்று சொல்லாமல், நோயாளி மனத்தாங்கல் கொண்டதையே தவறாக்கிவிடும் தொடர் அது.

எனக்கு இதில் கைகொடுத்தது எங்கள் ஊர்க் கோயில்தான். பூசையில் மார்பில் தட்டிக்கொண்டு “என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே” என்று சிறுவயதிலிருந்தே சொல்லி வளர்ந்தவள் நான். ஆங்கிலத்தில் மேயா குல்பா என்று எழுதுகிறார்களே, அந்த இலத்தீன் தொடர் இந்தச் செபத்திலிருந்து போனதுதான். இன்று அதை விளையாட்டாகவே பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள் என்பதால், மாணவர்கள் மடலில் எழுத வேண்டாம். ஆனால் அந்தச் செபத்தில் சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும் என்று சொல்லிவிட்டு, கடமையில் தவறியதாலும் என்று ஒன்று சேர்த்திருக்கிறதே, அதை வகுப்பில் அவசியம் சொல்லுங்கள். வேலையிடத்துத் தவறுகளில் பல, செய்யாமல் விட்டவைதான். தொலைபேசியில் திரும்ப அழைக்கவில்லை, குறிப்பை அடுத்த முறைப் பணியாளரிடம் ஒப்படைக்கவில்லை, கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்க்கவில்லை. இவற்றுக்கு “ஐ டிட் நாட் கால் யூ பேக் வென் ஐ செட் ஐ உட்” என்பது போன்ற எளிய வாக்கியம் போதும். “ஐ ஃபெயில்ட் டு” என்று தொடங்குவதும் சரிதான். கொஞ்சம் கனமாக இருக்கும். கனமான இடத்தில் அது வேண்டும்.

பதில் – நீதிமன்ற வளாகம்

பெற்றோர்களின் கவலை நியாயமானது என்பதால் அதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். நான் நம் மாவட்ட நீதிமன்றங்களில் தொழில் செய்யும் வழக்குரைஞன்.

சகோதரி சொன்ன பாதுகாப்பு இங்கிலாந்தில் பொதுச் சட்டமாகவே இருக்கிறது. அந்நாட்டின் 2006-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம், மன்னிப்புக் கேட்பது மட்டுமே கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாகாது என்று கூறுகிறது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 2009-இல் இதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 1986-லேயே, விபத்துக்குப் பின் இரக்கம் தெரிவித்துச் சொன்னதைச் சான்றாகக் கொள்ளக் கூடாது என்று விதி செய்தது. நம் நாட்டில் இத்தகைய பொதுச் சட்டம் இல்லை. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலும், 2024 ஜூலை முதல் நாளிலிருந்து அதற்குப் பதிலாக நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்திலும், ஒருவர் தமக்கு எதிராகச் சொன்னதை ஒப்புதலாகக் கொண்டு சான்றாக்க முடியும். அது முடிவான சான்று அன்று. மறுத்து விளக்க இடம் உண்டு. ஆயினும் சான்றுதான்.

இதைச் சொன்னதும் பெற்றோர்கள் வாயைத் திறக்காதே என்று பிள்ளைக்குச் சொல்லிவிடக் கூடாது. எண் மாறியது, மடல் தாமதமானது போன்ற அன்றாடத் தவறுகளில் வழக்கு என்ற பேச்சே எழுவதில்லை. மறைத்தால்தான் வேலை போகும். எழுதும்போது நடந்ததை எழுதலாம், அதற்குச் சட்டப்பெயர் சூட்ட வேண்டாம். “ஐ என்டர்ட் தி ராங் நம்பர்” என்பது நடந்தது. “ஐ வாஸ் நெக்லிஜென்ட்” என்பது நீதிமன்றம் சொல்ல வேண்டிய முடிவு. ஒருவருக்குக் காயமோ பெரும் பண இழப்போ நேர்ந்திருந்தால், உதவியை உடனே செய்துவிட்டு, எழுத்தில் எதுவும் போகும் முன் மேலாளரைக் கேட்க வேண்டும். வாகன விபத்தில் இது இன்னும் முக்கியம்: காப்பீட்டு நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ இசைவு இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது நம் வாகனக் காப்பீட்டுப் பத்திரங்களில் வழக்கமாக உள்ள நிபந்தனை. அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோவதை அது தடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். சமரசம் பேசும் கடிதங்களின் தலைப்பில் வரும் “வித்தவுட் ப்ரெஜுடிஸ்” (எழுதுபவரின் சட்ட உரிமைக்குப் பாதிப்பின்றி) என்ற தொடரைச் சில இளைஞர்கள் எல்லா மடலிலும் சேர்க்கிறார்கள். மன்னிப்புக் கேட்கும் மடலில் அதைப் பார்ப்பவர் இவன் வழக்குக்குத் தயாராகிறான் என்று எண்ணிவிடுவார்.

நீதிமன்றமே மன்னிப்பை எப்படி எடைபோடுகிறது என்பதும் பயன்படலாம். 1971-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, நீதிமன்றம் நிறைவடையும் வகையில் மன்னிப்புக் கேட்டவரை விடுவிக்கவோ தண்டனையைக் குறைக்கவோ இடமுண்டு. நிபந்தனையோடு கேட்டார் என்ற ஒரே காரணத்துக்காக அதைத் தள்ளிவிடக் கூடாது, நல்லெண்ணத்தோடு கேட்டிருந்தால் ஏற்கலாம் என்று அதன் விளக்கம் கூறுகிறது. நீதிபதிகள் பார்ப்பது சொல்லின் கனத்தை அன்று. தண்டனை நெருங்கிய பிறகு கேட்டாரா, முன்பே கேட்டாரா என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

மறுமொழி – பாளை மாலை வகுப்பு

எல்லோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. கண்காணிப்பாளர் ஐயா சொன்ன இரண்டு வாக்கியங்களையும் கரும்பலகையில் எழுதித்தான் அடுத்த வாரப் பாடத்தைத் தொடங்கப் போகிறேன். செய்யாமல் விட்டதை ஒப்புக்கொள்ளும் வாக்கியங்களைத் தனியாக எழுதிப் பழகச் சொல்வேன். அது எனக்குத் தோன்றவே இல்லை. கன்டெய்னர் மடலைத் தூத்துக்குடிப் பெண்ணுக்கு இன்றே அனுப்பிவிட்டேன்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. மேலாளர் செய்த தவறுக்கு, நீ செய்ததாக எழுதிவிடு என்று இளையவரிடம் சொல்லப்படுவதாகவும் பிள்ளைகள் சொல்கிறார்கள். மறுத்தால் வேலைக்கு ஆபத்து, எழுதினால் பொய். அப்போது எந்தத் தொடரைப் பயன்படுத்துவது?

பதில் – கல்லிடை நண்பர்

டீச்சர், அந்த இடத்தில் ‘வீ’ பயன்படும். “வீ சென்ட் யூ தி ராங் ரேட்” என்றால் நிறுவனம் செய்தது என்று பொருள், அது உண்மையும்கூட. அதன் பிறகு தான் உண்மையில் செய்ததை மட்டும் ‘ஐ’ போட்டு எழுதலாம்: “ஐ ஹேவ் கரெக்டட் இட் அண்ட் ஆம் செண்டிங் தி ரிவைஸ்ட் கோட் நவ்.” வாடிக்கையாளருக்குத் தேவையானது அனைத்தும் இதில் கிடைத்துவிடுகிறது, செய்யாததைச் செய்ததாகவும் பிள்ளை எழுதவில்லை. மேலாளர் அதற்கும் மேல் ‘ஐ’ என்றே எழுதச் சொன்னால், “சார், வீ என்று போட்டிருக்கிறேன், நீங்கள் பார்த்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்” என்று வரைவை அவருடைய பார்வைக்கே அனுப்பிவிடுவது நல்லது. அந்த மடலும் தேதியோடு பெட்டியில் இருக்கும்.